ஏற்காடு மலைக்கு மூன்று பெடல் கார்: 6 லட்சத்தில் எதை வாங்குவது?

பழைய கார்களைப் பரிசோதித்து மதிப்பிடும் ஆட்டோமொபைல் இன்ஜினியர், வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறார்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அலுவலகத்துக்கு பைக்கில் போகிறார். கார் தேவைப்படுவது மகளைப் பள்ளியில் விடவும், மாதம் ஒருமுறை கரூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகவும், அப்புறம் நேரம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறவும்தான். மாதம் 700 கிலோமீட்டர் ஓடும் என்கிறார். அப்பாவின் பழைய ஆல்ட்டோவில் ஓட்டப் பழகியவர். "ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்த்தேன், யாரோ ஓட்ட நான் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கிளட்ச், கியர் உள்ள வண்டிதான் வேண்டும். ஆனால் அது வெறும் டப்பாவாக இருக்கக் கூடாது, ஓட்டினால் சந்தோஷமாக இருக்க வேண்டும். அடிக்கடி ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கவும் கூடாது" என்று எழுதியிருக்கிறார். கையிருப்பும் கடனுமாகச் சேர்த்து 6 லட்சம்.

மூன்று வண்டிகள் அவர் முன்னால் இருக்கின்றன. புரோக்கர் காட்டிய 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 4.75 லட்சம், "மேனுவல்தான் சார்" என்ற உத்தரவாதத்தோடு. டெல்லி பதிவெண் கொண்ட 2015 ஹோண்டா சிட்டி டீசல், 3.2 லட்சம். அலுவலக நண்பரின் 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், 62,000 கி.மீ. ஓடியது, 5.4 லட்சம். டீசல்தான் லாபம் என்கிறார் அப்பா. இன்ஜினை ரீமேப் செய்தால் (அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றினால்) பறக்கும் என்கிறார் நண்பர். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதமே ஆன மனைவி, "ஆட்டோமேட்டிக் வாங்கினால் நானும் ஓட்டுவேன்" என்கிறார்.

அன்புள்ள சேலம் வாசகருக்கு,

முதலில் புரோக்கர் காட்டிய வண்டியை முடித்துவிடலாம். 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ மேனுவல் கிடையாது. அந்த 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினோடு ஜிடி டிஎஸ்ஐ-யில் இங்கே வந்தது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி முன்னும் பின்னும் தட்டினால் கியர் மாறும், அதைக் காட்டித்தான் "மேனுவல்" என்று சொல்லியிருப்பார். காலடியில் குனிந்து பாருங்கள், இரண்டு பெடல்தான் இருக்கும். அந்த கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் பழுதானால் வரும் பில், இந்த விலை வண்டிக்குத் தாங்காத பில். அந்தத் தலைமுறையில் மேனுவலாக வந்த ஜிடி, டீசல் டிடிஐ. டர்போ பெட்ரோல் மேனுவல் வேண்டுமென்றால் 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ, 110 பிஎஸ் (குதிரைத்திறன்), 6 ஸ்பீடு. அருமையான வண்டி. ஆனால் 2022-ல் போலோ நின்றபிறகு அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. நல்ல நிலையில் இருப்பது உங்கள் பட்ஜெட்டுக்குள் அமைவது கடினம்.

இதே குழப்பம் ஹூண்டாய் ஐ20 என் லைனிலும் உண்டு. முதலில் வந்த ஐஎம்டி வகையில் கியர் லீவர் இருக்கும், கிளட்ச் பெடல் இருக்காது. முழு மேனுவல் 2023-ல்தான் வந்தது. விளம்பரத்தில் போட்டிருக்கும் வார்த்தையை விடுங்கள், பெடலை எண்ணுங்கள்.

பவரைத் தேடாதீர்கள்

கடிதத்தில் ஆறேழு இடத்தில் பிஎஸ் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். ஓட்டும் சந்தோஷத்தை அந்த எண்ணை வைத்து அளக்க முடியாது. ஏற்காட்டுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது, மூன்றாவது கியருக்கு மேல் அங்கே பெரிதாக வேலை இல்லை. 150 பிஎஸ் வண்டியில் பாதி நேரம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். எடை குறைந்த, 85 பிஎஸ் வண்டியில் இரண்டாவது கியரை ஐந்தாயிரம் ஆர்பிஎம் வரை இழுத்து, வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி வெளியே வருவீர்கள். வண்டியின் முழு இழுவையையும் பயன்படுத்திய திருப்தி இதில்தான் கிடைக்கும், வேகமும் அத்துமீறாது.

மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் (2018 முதல் 2024 வரை விற்றது) பெட்ரோல் மேனுவல் 900 கிலோவுக்குள்தான் இருக்கும். 2021 வரை வந்ததில் 83 பிஎஸ், அதற்குப் பிறகு 90. உங்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் நான் பிறகு சிபாரிசு செய்யப்போகிற நான்காம் தலைமுறை சிட்டி பெட்ரோல் சுமார் 1,050 கிலோ, 119 பிஎஸ். இரண்டுமே எடைக்கேற்ற இழுவை உள்ள வண்டிகள், டர்போ இல்லாதவை. காலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பதில் வரும். டர்போ வண்டிகளில் கீழே கொஞ்சம் சோம்பல், பிறகு திடீரென்று தள்ளல். சிலருக்கு அது பிடிக்கும், மலையில் எனக்குப் பிடிக்காது.

சந்தோஷத்தின் மீதிப் பாதி தேய்மானத்தில் ஒளிந்திருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர்) போன வண்டி, ஐந்து வருடப் பழைய டயர், மேலே வந்து பிடிக்கும் கிளட்ச், ஆடிப்போன கியர் லீவர், இந்த நான்கும் சேர்ந்தால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் மாட்டு வண்டிதான். அதனால் 6 லட்சத்தையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தே கால், ஐந்தரைக்குள் வண்டி. மீதி டயர், புஷ், ஷாக் அப்சார்பர், கிளட்ச், எல்லா ஆயில்களும், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு. "டிப்-டாப் கண்டிஷன், ஒரு ரூபாய் செலவில்லை" என்று சொல்லி விற்கும் வண்டிக்கும் இந்தச் செலவு உண்டு.

டெல்லி டீசலை விட்டுவிடுங்கள்

அப்பா சொல்லும் டீசல் கணக்கு, வருடம் 20,000 கி.மீ. ஓடுபவருக்குச் சரி. நீங்கள் ஓட்டுவது எட்டாயிரத்துச் சொச்சம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, டீசல் 19 தரும் என்று வைத்தாலும், இன்றைய விலையில் வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாயை ஒட்டித்தான் மிச்சம். பத்து வயதான டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை கை கொடுக்காமல் போனால் அந்த மிச்சம் போய்விடும். பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பும் ஓட்டம் டீசலுக்கு உகந்ததும் இல்லை. சிட்டி டீசல் நல்ல 6 ஸ்பீடு வண்டிதான், ஆனால் அதன் சத்தத்தை நீங்கள் ரசிக்கப்போவதில்லை.

10 வருடம் தாண்டிய டீசல் தமிழ்நாட்டிலும் ஓடாது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு நீதிமன்ற உத்தரவுகளால் வந்த கட்டுப்பாடு. இங்கே பதிவு 15 ஆண்டு, அதன்பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டால்தான் அங்கே விலை சரிந்து வண்டிகள் தெற்கே வருகின்றன. ஆனால் 3.2 லட்சம் என்பது பாதி விலைதான். அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபனையின்மைச் சான்று) வர வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற அந்த ஊர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். எல்லாம் முடித்து நிமிரும்போது உள்ளூர் வண்டி விலை வந்திருக்கும், வண்டியின் பூர்வீகம் மட்டும் தெரியாமலே இருக்கும்.

ஸ்விஃப்ட்டா, சிட்டியா?

நண்பரின் ஸ்விஃப்ட்டைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் "ஊரெல்லாம் வைத்திருக்கும் வண்டி" என்ற அலட்சியத்தோடு. ஏற்காட்டுப் பாதையில் மட்டும் கேட்டால் நான் சிட்டியைவிட ஸ்விஃப்ட்டின் சாவியைத்தான் எடுப்பேன். நீளம் குறைவு, வளைவில் சட்டென்று திரும்பும், கிளட்ச் லேசு, கியர் சுலபமாக விழும். பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். கிளட்ச் செட் முழுதும் மாற்றினாலும் கூலியோடு பத்தாயிரத்தை ஒட்டித்தான். 62,000 கி.மீ. என்பது இந்த இன்ஜினுக்கு நடு வயதுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியும்.

விஎக்ஸ்ஐ-யில் ஒரு குறை, டயர். கம்பெனி அதற்குக் கொடுத்தது 165/80 ஆர்14, அதாவது 165 மி.மீ. அகலம், 14 இன்ச் வீல். வளைவில் டயரின் பக்கச் சுவர் மடங்குவது ஸ்டியரிங்கிலேயே தெரியும். அதே காரின் உயர் வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐ-க்கு 185/65 ஆர்15 வந்தது. அந்த அளவு வீலும் டயரும் போட்டால் வண்டியின் குணமே மாறும். அதற்கு மேல் 17 இன்ச் அலாய் என்று போகாதீர்கள். ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், ஓமலூர் ரோட்டுக் குழியில் ரிம் வளையும்.

சரி, பிறகு ஏன் நான் தயங்குகிறேன்? மகள் பின்சீட்டில் உட்காருவதால். கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2018-ல் செய்த மோதல் சோதனையில் இந்த ஸ்விஃப்ட் வாங்கியது 2 ஸ்டார். நான்காம் தலைமுறை சிட்டி வாங்கியது 4 ஸ்டார். இரண்டும் பழைய சோதனை முறையில் வந்தவை, அதனால் ஒப்பிடுவதில் தவறில்லை. கரூர் போகும் நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசத்தை நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன்.

ஆகவே என் முதல் சிபாரிசு உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்று: 2017 பிப்ரவரி மாற்றத்துக்குப் பின் வந்த ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் மேனுவல். அந்த மாற்றத்தோடு இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்-ஸும் எல்லா வேரியன்ட்டிலும் வந்துவிட்டன. 2017, 2018 மாடல் உங்கள் பட்ஜெட்டில் தேடினால் கிடைக்கும். அதன் ஐ-விடெக் இன்ஜின் நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் ஒரு மாதிரிப் பாடும், கியர் லீவர் சின்ன அசைவில் 'டக்' என்று விழும். டைமிங் செயின் உள்ள இன்ஜின், நேரத்துக்கு ஆயில் மாற்றினால் தொல்லை தராது. குறைகளும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் லேசானது, ஆனால் சாலை கைக்குத் தெரியாது. முழு லோடில் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். கிளட்ச் செட், சஸ்பென்ஷன் பார்ட்ஸ் எல்லாம் ஸ்விஃப்ட்டைவிடக் கணிசமாக விலை கூடும். ஹோண்டா பல மாடல்களுக்கு ஏர்பேக் ரீகால் அறிவித்திருக்கிறது. வாங்கும் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள், இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

இரண்டு மாதம் தேடுங்கள். ஒழுங்கான சிட்டி அமையவில்லையென்றால் நண்பரின் ஸ்விஃப்ட்டை வாங்குங்கள், வருத்தப்படாதீர்கள். ஏமாற்றும் சிட்டியைவிட யோக்கியமான ஸ்விஃப்ட் எத்தனையோ மேல். அதுவரை நண்பரைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா என்பது உங்கள் நட்பைப் பொறுத்தது.

ஃபோர்டு ஃபிகோவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வளைவில் இவை எல்லாவற்றையும்விட நன்றாக உட்காரும் வண்டி, மறுக்க மாட்டேன். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் பார்ட்ஸும் தொடர்கின்றன, ஃபில்டர், பிரேக் பேட் போன்றவை கிடைக்கும். ஆனால் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி என்று உடைந்தால் காத்திருக்க வேண்டி வரலாம். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் தாராளமாக வாங்கலாம். உங்களிடம் இது ஒன்றுதானே.

புது வண்டி? 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபின் புது ஸ்விஃப்ட்டின் அடிப்படை வேரியன்ட் நெருக்கத்தில் வந்திருக்கிறது, ஆறு ஏர்பேக்கோடு. ஆன்-ரோடு விலை 6 லட்சத்தைத் தாண்டும். கடனை ஒரு லட்சம் கூட்ட உங்களால் முடிந்தால் ஒரு நடை போய் ஓட்டிப் பாருங்கள். பழைய கார் கடனைவிடப் புதுக் கார் கடனுக்கு வட்டி குறைவு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்சையும் கியரையும் எப்படிச் சோதிப்பது

மேனுவல் வண்டியில் செலவு வைக்கிற ரிப்பேர் எதுவும் வராது என்ற நம்பிக்கை உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேயும் பொருள். ஹாஃப் கிளட்சில் நின்று பழகியவர் கையில் 30,000 கி.மீ.-யில் போகும், தெரிந்தவர் கையில் ஒரு லட்சம் தாண்டும். ஓட்டிப் பார்க்கும்போது இதையெல்லாம் செய்யுங்கள்.

காலையில், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "சூடு பண்ணி வைத்திருக்கேன் சார்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நியூட்ரலில் ஐடிலில் விட்டுக் காது கொடுங்கள். கிளட்சை அழுத்தினால் ஒரு கரகர சத்தம் வந்து, விட்டால் நின்றால், ரிலீஸ் பேரிங். தலைகீழாக, விட்டிருக்கும்போது சத்தம் வந்து அழுத்தினால் நின்றால், கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங். முதலாவது கிளட்ச் செட்டோடு போகும் செலவு. இரண்டாவதில் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

சமதளத்தில் நாலாவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. அப்புறம் மூன்றிலிருந்து இரண்டுக்கு, கொஞ்சம் வேகமாகவே, இறக்குங்கள். 'கர்' என்று கடித்தால் சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர உதவும் பாகம்) தேய்ந்திருக்கிறது. ஐந்தாவதில் காலை எடுத்து அழுத்தி, எடுத்து அழுத்திப் பாருங்கள், லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டம் போடுங்கள். 'டிக் டிக்' என்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட்.

கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்பதும் பாதி உண்மைதான். மீட்டரைத் திருப்புவது பத்து நிமிட வேலை. 35,000 என்று மீட்டர் சொல்லும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று இருந்தால், டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கியிருந்தால், மீட்டரை நம்பாதீர்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனர் மூலமாகப் பதிவெண்ணைச் சொல்லி சர்வீஸ் சரித்திரம் கேளுங்கள், ஒவ்வொரு வருகையின் கிலோமீட்டரும் அதில் இருக்கும்.

சென்னைப் பதிவெண் வண்டியென்றால் இன்னொரு வேலை. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்தவை இன்னும் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் கதை முடிந்தது. சீட்டுக்கடியில் உள்ள ரெயில், ஸ்டெப்னி வைக்கும் குழி, இரண்டிலும் துருவைத் தேடுங்கள். எல்லாம் சரி என்று தோன்றினாலும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அதற்குச் செலவாகும் ஆயிரம் இரண்டாயிரத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

ரீமேப் வேண்டாம்

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் ரீமேப் செய்து கிடைக்கும் கூடுதல் இழுவை, புது ஏர் ஃபில்டர் போட்டுச் சந்தோஷப்படுகிற அளவுதான். டர்போ வண்டியில் வித்தியாசம் தெரியும், கூடவே கிளட்சும் கியர்பாக்ஸும் சீக்கிரம் தேயும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மில் சிக்கல் எழுப்பவும் இடம் கொடுக்கும். அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

இன்னொன்று. ஏற்காட்டிலிருந்து நியூட்ரலில் இறங்கி மைலேஜ் மிச்சம் பிடிப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றோடு நிறுத்துங்கள். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இப்போதைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் சப்ளையே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் ஓட பெட்ரோல் குடிக்கும். அதைவிட முக்கியம், நியூட்ரலில் இறங்கும் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. பாதி மலையில் கருகல் வாசனை வந்து, பெடல் மெத்தென்று உள்ளே போகும்போது அடுத்த வளைவு காத்துக்கொண்டிருக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவதில் இன்ஜின் உறுமினால் உறுமட்டும்.

உங்கள் மனைவி சொல்வதும் நியாயம்தான்

"அவளுக்கு என்ன, பழகிக்கொள்வாள்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பள்ளிக்கு மகளை யார் கொண்டு விடப்போகிறீர்கள்? நீங்கள் காலையில் பைக்கில் போய்விட்டால், வாரத்தில் ஐந்து நாள் இந்த வண்டியை ஓட்டப்போவது அவர். அப்படியானால் அவர் கருத்துக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆசையைவிட எடை அதிகம் இருக்க வேண்டும். ஒருவேளை அவர் ஆட்டோமேட்டிக் கேட்பது கியர் பிடிக்காமல் இல்லை, மேட்டில் நின்று எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும் என்ற பயத்தினால் இருக்கலாம். புதிதாக ஓட்டுபவர்கள் பலருக்கும் இதுதான் பயம். ஓட்டுநர் பள்ளிகள் இதைச் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வாங்கிய முதல் வாரம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டில் பழக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி, முதல் கியர். கிளட்சை மெதுவாக விடும்போது ஓர் இடத்தில் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், இன்ஜின் சத்தம் கனக்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் அது. கால் அங்கேயே நிற்கட்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி முன்னால்தான் போகும், ஓர் அங்குலம்கூடப் பின்னால் வராது. அரை மணி நேரம் இதைச் செய்தால் பயம் போய்விடும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதறாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

அதற்குப் பிறகும் அவர் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால், வாதாடாதீர்கள், கலந்து முடிவெடுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் கூட்டிப் போங்கள், அவரும் ஓட்டட்டும். டிரைவர் சீட்டின் உயரத்தை மாற்றும் வசதி உள்ள வேரியன்ட்டாகப் பார்ப்பது இருவருக்கும் நல்லது. பானெட்டின் ஓரம் தெரியாமல் ஓட்டுபவருக்கு எந்த காரும் சந்தோஷம் தராது.

காகித வேலை

விலை பேசி முடித்ததும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டியின் விவரத்தைப் பாருங்கள். ஹைப்பாதிகேஷன் (வண்டி மீதான கடன் அடமானம்) என்று ஒரு பேங்க் பெயர் இருந்தால், கடனை அடைத்த என்.ஓ.சி.-யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இ-சலான் பாக்கியும் பாருங்கள், அது ஓனரோடு போகாது, வண்டியோடு வரும் தலைவலி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள். "மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். பெயர் மாறாத வரை ஆர்.சி.யில் இருப்பவர்தான் ஓனர், விபத்து இழப்பீட்டில் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே நண்பரின் வண்டியென்றால் அவருக்காகவாவது உடனே மாற்றுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது, 14 நாளுக்குள் விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவரின் நோ-கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடேயே போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே இதைச் சொல்லிக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.